துடைக்கத் துடைக்கப் பெரிதான வளையம்: துணி சீட்டில் தண்ணீர்க் கறை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நவம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழை சென்னையின் தென்புறத்தில் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேடவாக்கம் பக்கம் வசிக்கும் ஒரு வங்கி ஊழியர் தன் ஹேட்ச்பேக் காரைக் குடியிருப்பின் திறந்த பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தார். முன்பக்க இடது கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. இரவு முழுக்க மழை. காலையில் கதவைத் திறந்தபோது பக்கத்து சீட்டின் அடிப்பகுதியும், முதுகு சாயும் பகுதியின் வெளிப்புற ஓரமும் ஊறிப்போயிருந்தன. சீட் வெளிர் சாம்பல் நிறத் துணி.

அவசரத்தில் ஒரு துண்டால் துடைத்துவிட்டு, அதே துண்டை மடித்து சீட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டு நாளில் மேல்துணி காய்ந்தது. காய்ந்த இடத்தில் பழுப்பு ஓரத்தோடு ஒரு பெரிய வளையம் தெரிந்தது. உள்ளே பளிச்சென்று வெளுப்பு, விளிம்பில் மட்டும் அழுக்கு.

வீட்டில் இருந்த அவருடைய அப்பா, ஓய்வுபெற்றவர், சும்மா இருப்பாரா? ஒரு மக்கில் போர்வெல் தண்ணீரும் ஒரு கைப்பிடி வாஷிங் பவுடரும் எடுத்து, துணி துவைக்கும் நைலான் பிரஷ்ஷால் அந்த விளிம்பை மட்டும் தேய்த்தார். பழுப்பு போனது. மறுநாள் காய்ந்ததும் பழைய வளையத்துக்கு வெளியே இன்னொரு வளையம், இந்த முறை வெள்ளையாக, சொரசொரவென்று.

அப்புறம் பக்கத்தில் இருந்த ஒரு வாட்டர் வாஷ் கடை. அங்கே நுரை போட்டுத் தேய்த்து, வேக்குவம் அடித்து, மாலையில் வண்டியைக் கொடுத்தார்கள். வாங்கும்போது சீட் புதிதுபோல இருந்ததாம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியைப் பூட்டினார்கள். அடுத்த இரண்டு நாளில் பழுப்பு வளையம் முன்பைவிட அகலமாகத் திரும்பி வந்தது, கூடவே ஊறின வாடையும். திரும்பக் கேட்டபோது, "கவர் போட்டு மூடிடுங்க மேடம், தெரியாது" என்று பதில். அதன் பிறகுதான் வண்டி எங்கள் இன்டீரியர் கிளீனிங் கடைக்கு வந்தது.

வண்டி வந்தபோது கண்டது

கறையை உடனே தொடவில்லை. முதலில் பார்த்தோம், அழுத்தினோம், முகர்ந்தோம்.

சீட்டின் நடுவில் ஒரு டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து வைத்து, முட்டியால் உடல் எடை கொடுத்து அழுத்திப் பார்த்தோம். எடுத்தால் டிஷ்யூ ஈரம். மேல்துணியைக் கையால் தடவினால் காய்ந்தாற்போலத்தான் இருந்தது. ஈரம் முழுக்க ஃபோமுக்குள் இருந்தது. கார் சீட்டில் மேலே தெரிவது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. அதன் முதுகில் மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே கையகலக் கனத்துக்கு அச்சில் வார்த்த பாலியூரித்தேன் ஃபோம். துணி அரை நாளில் காய்ந்துவிடும். கீழே உள்ள ஃபோம் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்து, விளிம்பில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒற்றி, பிழிந்து பார்த்தோம். விரல் இடுக்கில் நுரை வந்தது. வாஷிங் பவுடரும் ஷாம்பூவும் அலசப்படாமல் உள்ளேயே தங்கியிருந்தன. பிஹெச் தாளை வைத்தால் நீலப் பச்சைக்குப் போனது, அதாவது காரத்தன்மை. சலவைத்தூளில் சோடா உண்டு, அதன் வேலை அது.

வெள்ளை விளிம்பில் காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டுத் தேய்த்தோம். சொரசொரப்பு கரைந்து போனது. அதே குச்சி பழுப்பு விளிம்பை அசைக்கவில்லை. ஷாம்பூ தொட்ட ஈரத்துணிக்குப் பழுப்பு கொஞ்சம் வந்தது. ஆக ஒரே சீட்டில் இரண்டு வேறு கறைகள். வெள்ளை, போர்வெல் தண்ணீர் விட்டுச்சென்ற கால்சியம், மெக்னீசிய உப்பு. பழுப்பு, வருஷக்கணக்கில் துணிக்குள் போன தூசி, வியர்வை, எண்ணெய்ப்பிசுக்கு.

வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தோம். ஆயிரத்தைத் தாண்டிக் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர அமைப்பு ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. அந்தத் தண்ணீரைத் துணியில் ஊற்றிக் காயவிட்டால், நீர் மட்டும்தான் ஆவியாகும். உப்பு அப்படியே உட்கார்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. பேச்சுவாக்கில் அந்தப் பெண், "காலையில கண்ணாடி உள்பக்கம் ரொம்பப் பனி பிடிக்குது" என்றார். இடது பக்கக் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தோம். மேலே காய்ந்திருந்தது. கீழே கார்ப்பெட்டின் அடி மெத்தை சொதசொதவென்று இருந்தது. கண்ணாடி வழியாக வந்த மழை அந்த மூலை வரை போக வழியில்லை. வண்டியை ஏசி ஓட்டி நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாகக் காருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது.

வளையம் எப்படி உண்டாகிறது

வேலை தொடங்கும் முன் அப்பா கேட்டார்: "ஏன் தம்பி, மழைத் தண்ணி சுத்தமானதுதானே. அது பட்டு எப்படிக் கறை ஆகும்?"

"ஐயா, கறை தண்ணியில வரல. சீட்டுக்குள்ளயே இருந்துச்சு. தண்ணி அதைக் கரைச்சு ஓரத்துல கொண்டுவந்து சேர்த்துருச்சு."

மேஜையில் சிந்திய காபித் துளி காயும்போது நடு வெளுத்து விளிம்பு கறுக்கிறதே, அதேதான் இங்கும். ஈரமான திட்டின் ஓரம் முதலில் காய்கிறது. காய்ந்த இடத்தை நிரப்ப நடுவில் இருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகும்போது கரைந்ததையும் மிதப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஓரத்தில் நீர் ஆவியாகிறது, சுமை அங்கேயே தங்குகிறது. 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதை விளக்கி எழுதினார்கள். துணியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கீழே ஃபோமில் இருக்கும் ஈரம் நூலிழைகளின் வழியாக மேலே ஏறி, மேல்துணியில்தான் காய்கிறது. வாட்டர் வாஷ் கடையில் மறைந்த கறை இரண்டு நாளில் திரும்பியதற்குக் காரணம் இதுதான். அவர்கள் துணியைச் சுத்தம் செய்தார்கள், ஃபோமை நனைத்து அனுப்பினார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவு. ஈரம் இருக்கும் வரை எங்கோ ஒரு ஓரம் இருக்கும், ஓரம் இருந்தால் அங்கே எதுவோ சேரும். அந்த ஓரத்தை எங்கே வைப்பது, எதன்மேல் காய வைப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. மற்ற முடிவுகள் எல்லாம் இதைத் தொட்டே வந்தன.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

அன்றைக்குக் கறையில் கை வைப்பதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். உள்ளே தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும் காரில் சீட்டை மட்டும் சுத்தம் செய்தால் காய வழியில்லை. ஏசி வடிகுழாயை அடியில் இருந்து குறைந்த காற்றழுத்தத்தில் ஊதி அடைப்பை எடுத்தோம். தூசியும் இலைத்தூளும் சேர்ந்து களிமண்போல வந்தது, பின்னால் ஒரு டம்ளர் அளவுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். கார்ப்பெட்டைத் தூக்கிக் கட்டை கொடுத்து, ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தால் இழுத்து, இரவு முழுக்க ஃபேன் காற்றில் விட்டோம். கதவு பீடிங்கையும், அதாவது கதவோர ரப்பர் பட்டையையும், தண்ணீர் அடித்துப் பார்த்தோம். அதில் குறையில்லை.

சீட்டைக் கழற்றலாமா என்று யோசித்தோம். கழற்றினால் ஃபோமை எளிதாகக் காயவைக்கலாம். ஆனால் இந்தக் காரில் முன் சீட்டின் வெளி ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணித் துண்டு தைக்கப்பட்டிருந்தது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர். அதைக் கழற்றுவதென்றால் பேட்டரியைத் துண்டித்து, நிறுவனம் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். அஜாக்கிரதையாகச் செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே நிற்கும், அதற்குமேலும் ஆபத்து உண்டு. தவிர, 2019 ஜூலைக்குப் பின் வரும் கார்களில் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் பாய் பல கார்களில் துணிக்கு அடியில்தான் இருக்கும். ஃபோம் இன்னும் கெட்டுப்போகவில்லை, பூஞ்சைப் புள்ளி இல்லை. ஆகவே சீட்டைக் கழற்றாமல், குறைந்த ஈரத்தில் செய்வது என்று வைத்துக்கொண்டோம். கவர் போட்டு மூடுவதையும் இதே காரணத்தால் வேண்டாம் என்றோம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் அதற்கென்று தைக்காத கவர் அது விரிவதைத் தடுக்கும். ஈரத்தின் மேல் ரெக்சின் கவர் என்றால் பூஞ்சைக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி.

தண்ணீர் விஷயத்தில் போர்வெல்லும் வேண்டாம், லாரித் தண்ணீரும் வேண்டாம் என்று டிஸ்டில்டு வாட்டர் வாங்கினோம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதுதான். கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். பேட்டரி ஆசிட் கேனும் அதே அலமாரியில் இருக்கும். வீட்டில் ஆர்ஓ இருந்தால் அந்தத் தண்ணீரே போதும்.

வரிசையிலும் ஒரு முடிவு. முதலில் சோப்பை வெளியேற்றுவது, அதன் பின்தான் வினிகர். சோடா உள்ளே இருக்கும்போது வினிகர் விட்டால், வினிகரின் சக்தி சோடாவைச் சமன் செய்வதிலேயே தீர்ந்துவிடும், உப்புப் படிவத்துக்கு மிச்சம் இருக்காது. எலுமிச்சைச் சாறு நல்லது என்று அப்பா சொன்னார். அதில் அமிலம் உண்டுதான், ஆனால் சர்க்கரையும் சக்கையும் கூடவே போய்த் துணியில் ஒட்டும். ப்ளீச்சிங் பவுடர் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றோம். துணி நிறம் போகும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய காருக்குள் அது விளையாட்டல்ல.

ஹேர் டிரையரும் வேண்டாம். ஒரே இடத்தில் சூடு கொடுத்தால் சுற்றியுள்ள ஈரம் எல்லாம் அந்த இடத்தைத் தேடி வரும், அங்கேயே காயும். சுருக்கமாக, நாமே ஒரு வளையம் வரைவோம்.

செய்த வேலை

மறுநாள் காலை, சீட்டின் அடிப்பக்கத்தில் வெளியே தெரியாத இடத்தில் வினிகர்க் கலவையைத் தொட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை.

சீட்டை முதலில் உலர்ந்த வேக்குவத்தால் நன்றாக இழுத்தோம். இது எல்லோரும் அவசரத்தில் விடும் வேலை. தூசியை உலர்ந்தபடியே எடுத்தால் அது பின்னால் சேறாகாது.

பிறகு டிஸ்டில்டு வாட்டரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, பனித்துளிபோல அடித்தோம். கறை இருந்த இடத்தில் மட்டும் அல்ல. தையலில் இருந்து தையல் வரை, அந்தப் பலகை (இரு தையலுக்கு இடைப்பட்ட துணிப் பரப்பு) முழுவதும் ஒரே சீராக. ஒரு பலகையில் பாதியை நனைத்தால் நட்டநடுவில் ஓரம் விழும். தையல் வரை நனைத்தால் ஓரம் தையலின் பள்ளத்தில் விழும், கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோஃபைபர் துணியை வைத்து அழுத்தினோம், தேய்க்கவில்லை. ஈர வேக்குவத்தால் இழுத்தோம். நுரை வந்தது. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி இழுப்பு. வேக்குவத்தின் கண்ணாடிக் குழாயில் நுரை நின்று, தண்ணீர் மட்டும் ஓடும் வரை அதே வேலை. பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். பெரும்பாலான கடைகளில் விட்டுப்போவதும் இதுதான்.

நுரை நின்றதும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து, மறுபடி பலகை முழுவதும் மெல்லத் தெளித்தோம். வெள்ளை விளிம்பில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. சில நிமிஷம் விட்டு, மிருதுவான பிரஷ்ஷால் ஒரே திசையில் வருடி, இழுத்தோம். பின் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசல். பழுப்புக்கு, கொஞ்சமே கொஞ்சம் துணி ஷாம்பூவை நீர்த்து, ஸ்பாஞ்சில் நுரையை மட்டும் எடுத்து ஒற்றினோம். அதையும் அலசி இழுத்தோம்.

அப்புறம் காயவைத்தல். இங்கே அப்பாவின் பழைய பருத்தி வேட்டிதான் கைகொடுத்தது. துவைத்த வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, ஈர சீட்டின் மேல் விரித்து, மூலை முடுக்கு வரை படியும்படி அழுத்தி, மேலே தட்டுப் பலகையும் கனத்துக்குத் தண்ணீர் கேனும் வைத்தோம். ஃபோமில் இருந்து மேலே ஏறும் ஈரம் துணியோடு நிற்காமல் வேட்டிக்குள் போகும். அழுக்கு வந்தாலும் வேட்டியில் சேரும். வேட்டி நனைந்ததும் மடிப்பை மாற்றினோம். இரண்டாவது மடிப்பை எடுத்துப் பார்த்தபோது, சீட்டில் இருந்த வளையத்தின் பாதி உருவம் இளம்பழுப்பில் வேட்டியில் பதிந்திருந்தது. அப்பா அதைத் தன் பெண்ணிடம் தூக்கிக் காட்டினார்.

கனத்தை எடுத்தபின், வேட்டியின் ஒற்றை மடிப்பு மட்டும் சீட்டில் இருக்க, நான்கு கதவும் திறந்து ஸ்டாண்ட் ஃபேன். வெளியே காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால், இடையிடையே கதவுகளை மூடி ஏசியை ஓடவிட்டோம். ஏசி காற்றில் உள்ள ஈரத்தைப் பிரித்து வெளியே தள்ளும். இது கூரை இல்லாத திறந்த இடத்தில்தான். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடக் கூடாது.

பின் நடந்தது

அடுத்த நாள் காலை டிஷ்யூ சோதனை. அழுத்தினால் காய்ந்தே வந்தது. அடிப்பகுதியில் கறை இல்லை. முதுகுப் பகுதியின் கீழ்த் தையலை ஒட்டி மட்டும் மெல்லிய கோடு ஒன்று, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தெரிந்தது. அங்கே இன்னும் ஈரம் இறங்கிவந்து காய்ந்திருக்கிறது. ஷாம்பூ, வினிகர் எதுவும் இல்லாமல், வெறும் டிஸ்டில்டு வாட்டர், இழுப்பு, வேட்டி என்று அந்தப் பலகைக்கு மட்டும் மறுபடி செய்தோம். கோடு போனது.

ஒன்று போகவில்லை. நைலான் பிரஷ் ஓடிய இடத்தில் துணியின் மேல் இழை நசுங்கி, லேசாகப் பளபளக்கிறது. வெயில் சாய்வாக விழுந்தால் தெரியும். அது கறை அல்ல, தேய்மானம். எந்த மருந்தாலும் திரும்பாது. அதை வண்டி கொடுக்கும்போதே அவரிடம் காட்டிச் சொன்னோம். "இது போதும், மூடி வைக்கத்தான் பிடிக்கல" என்றார்.

டிசம்பரில் ஒரு பெருமழைக்குப் பின் வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். கண்ணாடியில் பனி பிடிப்பது நின்றிருந்தது. கால்மிதிக்கு அடியில் உலர்ந்தே இருந்தது. வாடை இல்லை, வளையம் திரும்பவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

முதல் நாள் காலையிலேயே இது முடிந்திருக்கும். ஊறிய சீட்டைத் துடைக்கத் தேவையில்லை. தடித்த பருத்தித் துண்டை வைத்து ஏறி நின்றாற்போல அழுத்தி, துண்டு நனைய நனைய மாற்றினாலே ஃபோமில் உள்ள நீரில் பெரும்பங்கு வெளியே வந்துவிடும். பிறகு பலகை முழுவதையும் ஆர்ஓ தண்ணீரால் சன்னமாக நனைத்து ஒற்றிவிட்டு, கதவைத் திறந்து ஃபேன் வைத்தால் வளையம் விழ இடமே இருந்திருக்காது. அலுவலகம் போகிற அவசரம் எல்லோருக்கும் உண்டு, சரி. குறைந்தபட்சம் அந்த ஈரத் துண்டை சீட்டிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றாமல் இருந்திருக்கலாம்.

சலவைத்தூள் காருக்குள் வரக் கூடாது. துவைக்கும் துணியை வாளியில் போட்டு நான்கு தண்ணீரில் அலசுகிறோம். சீட்டை அப்படி அலச முடியாது. அலச முடியாத இடத்தில் எவ்வளவு குறைவாகச் சோப்புப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. தங்கிப்போன சோப்பு அடுத்த மாதத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைகள் பக்கம் ஒரு பழக்கம் மாற வேண்டும். சீட் ஈரமாக இருக்கும்போதே வண்டியைக் கொடுத்துவிட்டு, "வெயில்ல ரெண்டு மணி நேரம் விடுங்க சார்" என்று சொல்லி அனுப்புவது. நவம்பரில் எந்த வெயில்? ஒரு டிஷ்யூ மடித்து அழுத்திப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. எங்கள் கடையில் இப்போது சீட் கறை என்று யார் வந்தாலும் கண்ணாடியில் உள்பக்கம் பனி பிடிக்கிறதா என்று கேட்டு, கால்மிதியைத் தூக்கிப் பார்த்த பிறகே மற்றது.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

இங்கே எழுதியது மழைச்சாரல், கொட்டிய குடிநீர், ஈரக் குடை, நனைந்த உடை போன்றவற்றால் வந்த கறைக்கு மட்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களின் கதை வேறு. அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். சீட் மட்டம் வரை ஏறியிருந்தால் சீட்டைக் கழற்றி, ஃபோமை மாற்றுவதா என்று பார்ப்பதும், ஏர்பேக், பெல்ட் வயரிங்கைச் சர்வீஸ் சென்டரில் சோதிப்பதும்தான் முறை. பால் கொட்டியதற்கும் வினிகர் வேண்டாம், திரிந்து துணிக்குள் ஒட்டிக்கொள்ளும். லெதர், ரெக்சின் சீட்டுகளுக்கு இந்த வேட்டி வைத்தியம் தேவையே இல்லை, ஆனால் அவற்றின் தையல் வழியாக ஃபோமுக்குள் நீர் போயிருந்தால் டிஷ்யூ சோதனையை ஊசித்துளை உள்ள நடுப்பகுதியில் செய்து பார்க்கலாம்.